வைரவனுக்கு நிழல் வந்த கதை

ஒரு காட்டில், வெயிலைத் தவிர வேறு எதுவும் தாராளமாய்க் கிடைக்காத ஒரு காட்டில், வைரவன் என்றொரு நாய் வாசல் காவலுக்கு இருந்தான். நாட்டு நாய்தான். தாய்வழியில் ஏதோ மலைநாய் ரத்தம் கலந்திருந்ததால் உடம்பெல்லாம் கம்பளி போர்த்திய மாதிரி சடை. மார்கழியில் அந்தச் சடையைப் பார்த்துப் பொறாமைப்படாத மிருகம் இல்லை. சித்திரையில் அதைப் பார்த்துப் பரிதாபப்படாத மிருகமும் இல்லை.

காட்டு வாசல் ஒரு பாறைமேடு. மேட்டில் ஒரே ஒரு புங்கமரம். மரத்தடியில் ஒரு கல்தொட்டி. மரத்துக்கும் வைரவன் கழுத்துக்கும் இடையே ஒரு சங்கிலி. சங்கிலி எதற்கென்று யாராவது கேட்டால், "உத்தியோகம்னா ஒரு பிடிமானம் வேணும்ல?" என்பான். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

வெயில் காலத்தை அவன் பெரிய கஷ்டமில்லாமல்தான் ஓட்டி வந்தான். புங்க நிழல் அடர்த்தியான நிழல். மத்தியானத்தில் மண்ணைக் காலால் பறித்துவிட்டு, அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்வான். குட்டையில் ஊறிவிட்டு வரும் மாராயி என்ற எருமை, போகிற போக்கில் அவன் பக்கத்தில் நின்று உடம்பை ஒரு உலுக்கு உலுக்குவாள். சேறும் தண்ணீருமாய்த் தெறிக்கும்.

"போதுமாடா?"

"இன்னொரு தடவை, அக்கா. முதுகுல படலே."

மேலே இலை, கீழே ஈரம், பக்கத்தில் குடிக்கத் தண்ணீர். அதற்கு மேல் அவன் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

அந்த வருஷம் கத்திரி வெயில் பிறப்பதற்கு முன்பே பாறை பொரிய ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் அந்த வழியாகப் பறந்த கிளி ஒன்று, வைரவன் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டிருப்பதைக் கண்டது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டால் தன் சூட்டைத் தானே இறக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். கிளிக்கு அது தெரியாது. அதனிடம் கைபேசி இருந்தது. சாயங்காலத்துக்குள் காடு முழுக்க வீடியோ போய்விட்டது. 'நாக்குத் தள்ளும் காவலன்! வேர்வையில் நனையும் விசுவாசம்!'

நாய்க்கு அப்படி வேர்க்காது என்று வைரவன் சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. அணில்கள் அழுதன. மான்கள் கூட்டம் கூட்டமாய்ப் பகிர்ந்தன. பகிர்ந்தவர்களில் ஒருவர்கூடத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை.

காட்டுக்குத் தலைவர் தேனப்பர் என்ற கரடியார். கரடி விடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிறவிக் குணம், குற்றம் சொல்ல முடியாது. ஆடி பிறந்தால் தேர்தல். வீடியோவைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிறகு தம் செயலாளர் ஏகாம்பரம் என்ற நரியைப் பாறைமேட்டுக்கு அனுப்பினார்.

நரி வந்து மரத்தைச் சுற்றி நடந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தது. வைரவனை ஏற இறங்கப் பார்த்தது.

"உன் குறை என்னப்பா?"

"பெருசா ஒண்ணும் இல்லைங்க ஐயா. தொட்டித் தண்ணி மத்தியானத்துல கொதிக்குது. யாராவது காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மாத்தி ஊத்தினா நல்லாயிருக்கும்."

நரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"தண்ணி மாத்தி ஊத்தறதை எப்படிப்பா திறந்து வைக்கிறது? ரிப்பன் எங்கே கட்டறது? திட்டம்னா கண்ணுக்குத் தெரியணும். நீ பேசாம இரு. தலைவர் உனக்குச் செய்யறேன்னு முடிவு பண்ணிட்டார்."

இப்படித்தான் 'வைரவன் குளிர்ச்சித் திட்டம்' பிறந்தது.

மறுநாளே கரையான்களும் மரங்கொத்திகளும் வந்து இறங்கின. பாறைமேட்டில் தகரத்தால் ஒரு கூடு எழும்பப் போகிறதாம். அதன் கிழக்கே, காட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி, தலைவரின் உருவத்தை அப்படியே வெட்டி நிறுத்தும் பிளெக்ஸ் பேனர். எல்லாம் சரி, புங்கமரம் குறுக்கே நின்றது.

"ஐயா, மரத்தை விட்டுடுங்க" என்று வைரவன் சங்கிலி எட்டும் மட்டும் ஓடிவந்து கெஞ்சினான். "எனக்கு நிழலே அதுதான்."

"நிழல் தருது, நான் இல்லேங்கலை" என்றது நரி. "யார் தந்த நிழல்னு அதுல எங்கேயாவது எழுதியிருக்கா?"

மாலைக்குள் மரம் விழுந்தது. இத்தனை வருஷம் முதுகு சொறிந்துகொண்ட அடிமரத்தை இழுத்துக்கொண்டு போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். குரைக்க வேண்டும் போலிருந்தது. திருடன் வந்தால் குரைக்கத்தான் அவனுக்குப் பழக்கம். அரசாங்கம் வந்தால் எப்படிக் குரைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு செம்மறி ஆட்டை அழைத்து வந்தார்கள். அது குளிர்ச்சி ஆலோசகராம். "வருஷா வருஷம் எனக்கு ரோமம் எடுக்கறாங்க. எடுத்ததும் காத்தோட்டமா சுகமா இருக்கும்" என்று அது அடித்துச் சொன்னதால் வைரவனின் சடையை ஒட்ட வழித்துவிட்டார்கள். போட்டோவில் முகம் தெரியும் என்பதால் நரிக்கும் அது பிடித்திருந்தது. சடை என்பது வெயிலுக்கும் ஒரு குடை என்று, குடை போன பிறகுதான் வைரவனுக்கே தெரிந்தது. முதுகுத்தோல் அன்று மாலையே சிவந்து எரிந்தது.

விழா நாளில் தேனப்பர் வெள்ளைத் துண்டோடு வந்தார். இளைஞரணிக் குரங்குகள் கொட்டடித்தன. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஏ வெயிலே! உனக்குச் சொல்கிறேன்! நீ என்னைச் சுடு. என் தொண்டனைச் சுடு. என் வைரவனைச் சுடுவதற்கு உனக்கு உரிமை கொடுத்தது யார்?"

வெயில் பதில் சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் ரிப்பனை வெட்டி, தர்பூசணிக் கீற்று ஒன்றை எடுத்து வைரவன் வாயருகே நீட்டினார். அவன் ஆசையாய் வாயைத் திறந்தான். கிளி படமெடுத்து முடித்ததும் கீற்று திரும்பிப் போய்விட்டது. நீர்மோர்ப் பானையும் அப்படியே. விழா முடிந்தபோது பாறைமேட்டில் மிஞ்சியது தகரக் கூடு, பேனர், தர்பூசணித் தோல், வைரவன். பழைய கல்தொட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் குடிநீர் எந்திரம் ஒன்று பளபளவென்று நின்றது. அதற்கு மின்சாரம் வேண்டும். காட்டில் மின்சாரம் கிடையாது.

சங்கிலியின் மறுமுனையைக் கூட்டின் இரும்புக் காலில் பூட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் பிற்பகல் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தகரம் காய்ந்து அடுப்பாகியிருந்தது. வைரவன் உள்ளே போனான், வெந்தான். வெளியே வந்தான், பாறை பாதத்தைப் பொசுக்கியது. மறுபடி உள்ளே போனான். இளைப்பு வேகம் வேகமாய் ஏறி, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் பசை போல இழுத்தது. கால்கள் பின்னின. கூட்டு வாசலிலேயே சுருண்டு விழுந்தான். குரைக்க வாயெடுத்தால் காற்றுதான் வந்தது.

குட்டையிலிருந்து திரும்பிய மாராயி அதைப் பார்த்துவிட்டாள். எருமை ஓடி யாரும் பார்த்ததில்லை, அன்று ஓடினாள்.

"அடேய் வைரவா! கண்ணைத் திற!"

அவனுக்கும் வெயிலுக்கும் நடுவே மலை மாதிரி வந்து நின்றாள். பிறகு மெதுவாய் முழங்காலிட்டு, சேறு சொட்டும் உடம்போடு அவன் பக்கத்தில் படுத்தாள்.

"என் வயித்தோட ஒட்டிக்க. பாதத்தைச் சேத்துல வை. பேசாதே."

அவளுடைய ஈரம் கொஞ்சம் கொஞ்சமாய் அவனுக்குள் இறங்கியது. அவள் குட்டைக்குப் போய் வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் விட்டாள். மறுபடி போனாள். வெயில் தாழும்வரை போய்ப் போய் வந்தாள். அவன் கண்ணில் உயிர் வந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"சங்கிலியை அறுத்துட்டு என்கூடக் குட்டைக்கு வந்துடேன்டா."

"காவல், அக்கா..."

"எதைக் காக்கறே? மரத்தையா?"

அவளே கூட்டின் இரும்புக் காலைக் கொம்பால் முட்டிப் பார்த்தாள். திட்டத்திலேயே ஒழுங்காய்ச் செய்த வேலை அது ஒன்றுதான், அசையவில்லை.

அன்று மாலை நரி வந்தபோது வைரவன் நடந்ததைச் சொன்னான். "ஐயா, கூட்டுக்குள்ள வெக்கை தாங்கலை. செத்துப் பிழைச்சேன்."

"அப்போ உள்ளே ஏன் போறே?" என்றது நரி. "அது வெளியே நின்னு பார்க்கறதுக்குக் கட்டினது. இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க. குறை சொல்றவன் எதிர்க்கட்சி. நீ எதிர்க்கட்சியா?"

வைரவன் வாலைச் சுருட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை சூரியன் ஏறியபோது, வெயில் தன்மேல் விழவில்லையே என்று அவனுக்குத் தோன்றியது. தலையைத் தூக்கிப் பார்த்தான். கிழக்கே பேனரில் தேனப்பர் கைகூப்பி நின்றார். அவருடைய வயிற்றின் நிழல், அகலமாய், குளுமையாய், அவன்மேல் விழுந்திருந்தது. அவன் சற்றுத் தள்ளிப் படுத்துப் பார்த்தான். தலைவரின் காது நிழலில் அவன் கால் அடங்கவில்லை. துண்டு நிழலில் வால் வெளியே நின்றது. வயிறுதான் சரி. ஆனால் முதுகு முழுசாய் மறைய இன்னும் கொஞ்சம் வயிறு வேண்டியிருந்தது.

நேற்று செத்துப் பிழைத்த நாய்க்கு அப்போது ஒரு புத்தி வந்தது. அதை நல்ல புத்தி என்றோ கெட்ட புத்தி என்றோ பிரிக்க அவனுக்குத் தெம்பில்லை.

நரி அடுத்த முறை வந்ததும் வைரவன் எழுந்து நின்று வாலாட்டினான்.

"ஐயா, ஒரு மனக்குறை."

"மறுபடியுமா?"

"எனக்கு இல்லீங்க. தலைவருக்காகச் சொல்றேன். படம் ரொம்பச் சின்னதா இருக்கு. தூரத்துலேருந்து வர்ற முயலுங்க, யாரோ ஒன்றியச் செயலாளர்னு பேசிக்கிட்டுப் போகுதுங்க. எனக்கு மனசு கேக்கலை."

நரி அவனை உற்றுப் பார்த்தது. பிறகு அவன் தலையைத் தடவிக் கொடுத்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அப்படித் தடவியதில்லை. மறுநாளே பழைய பேனரைவிட இரண்டு பங்கு பெரிய பேனர் எழுந்தது. காலை முழுக்க வைரவன் காலை நீட்டிப் படுத்தான்.

பிற்பகலுக்கு என்ன செய்வது? எதிர்க்கட்சித் தலைவர் வராகமூர்த்தி என்ற காட்டுப்பன்றியார் அந்தப் பக்கமாய்ப் போனபோது வைரவன் பெருமூச்சு விட்டான்.

"காட்டுக்கு உள்ளேருந்து வெளியே போறவங்களுக்கு உங்க முகம் எங்கேயுமே தெரியலீங்களே. மேற்குப் பக்கம் சும்மாதான் கிடக்கு."

வாரம் திரும்புவதற்குள் மேற்கே பன்றியார் பல்லைக் காட்டி நின்றார். திறப்பு விழாவில் அவர், "எங்கள் ஆட்சியில் அடிமைச் சங்கிலிகள் இருக்காது!" என்று முழங்கி, கிளியின் முன்னால் வைரவனின் சங்கிலியைக் கழற்றி வீசினார். அதை மறுபடி பூட்டினால் பேர் கெட்டுவிடும் என்று ஆளுங்கட்சியும் விட்டுவிட்டது. ஆக, காலையில் ஆளுங்கட்சி நிழல், சாயங்காலம் எதிர்க்கட்சி நிழல். காலையில் கிழக்கே பார்த்து "வாழ்க" என்று குரைத்தான். மாலையில் மேற்கே பார்த்துக் குரைத்தான். குரைப்பு ஒன்றுதான், முகம்தான் திரும்பியது.

உச்சி வெயிலுக்குத்தான் கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது.

"ஐயா, பருந்துக்கெல்லாம் ஓட்டு உண்டா?" என்று நரியிடம் கேட்டான்.

"உண்டே."

"அதுங்க மேலேருந்துதானே பார்க்கும்? தலைவர் முகம் வானத்தைப் பார்த்து இல்லாட்டி எப்படி?"

நரி அசந்துபோயிற்று. "நீ காவல்ல இருக்க வேண்டிய ஆளே இல்லப்பா" என்றது. நாலு மூங்கில் நட்டு, தலைவரை மல்லாக்கப் படுக்கவைத்து, வானத்தைப் பார்த்துக் கும்பிடச் செய்தார்கள். அடியில் வைரவன் படுத்தான். காட்டிலேயே அப்படியொரு நிழல் எவருக்கும் வாய்க்கவில்லை.

ஈரத்துக்கும் வழி பிறந்தது. குரங்குகள் தலைவர் படத்துக்குப் பாலாபிஷேகம் செய்தன. வழிந்ததை வைரவன் நக்கிக் குடித்தான். பாலில் ஈ மொய்த்ததால், "தலைவர் எளிமையானவர். அவருக்குத் தண்ணியே போதும். காலையிலும் மத்தியானமும் ஊத்தினாத் தேவலை" என்று சொல்லிவைத்தான். உடனே ஊற்றினார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? அவர்கள் பத்துக் குடம் ஊற்றினால் இவர்கள் இருபது. பாறைமேட்டில் கத்திரி வெயிலிலும் குளுகுளுவென்று தண்ணீர் ஓடியது. வைரவனின் முதுகில் சடை மறுபடி துளிர்விட்டது.

குடங்கள் எங்கிருந்து நிரம்பி வருகின்றன என்று அவன் கேட்கவில்லை. மாராயி வருவது குறைந்திருந்ததையும் அவன் கவனித்தான், அதையும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவளே வந்தாள். வந்தது எருமை போலவே இல்லை. சேறு காய்ந்து தோலோடு பாளம் பாளமாய் வெடித்திருந்தது. அவன் நிழலின் ஓரத்தில், வெயிலிலேயே நின்றாள்.

"குட்டை வத்திடுச்சுடா."

"எப்படி அக்கா?"

அவள் பேனரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் என்ன பண்ணுவேன், அக்கா? அன்னிக்கு நீ மட்டும் வரலேன்னா நான் செத்திருப்பேன். இன்னொரு தடவை அந்த வெக்கை எனக்கு வேண்டாம்."

"உன்னை யார்டா திட்டினா? மலைக்கு அந்தப் பக்கம் ஓடை இருக்குன்னு கொக்கு சொல்லுச்சு. நான் கிளம்பறேன். நீயும் வா. இப்பதான் சங்கிலி இல்லையே."

"நீ இங்கேயே இரு. உள்ளே நிறைய இடம் இருக்கு. குரங்குங்க வரும்போது 'வாழ்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"யாரை?"

"காலையில அவரை. சாயங்காலம் இவரை."

மாராயி கொஞ்ச நேரம் வாயை அசைத்துப் பார்த்தாள். சொல்ல முயல்கிறாளோ என்று வைரவன் ஆவலாய்ப் பார்த்தான்.

"வரமாட்டேங்குதுடா" என்றாள். "உள்ளே போட்டதைத்தான் எனக்கு அசைபோட வரும். அவங்க எனக்கு எதுவும் போடலையே."

திரும்பி நடக்க ஆரம்பித்தாள். வைரவன் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். நிழலைத் தாண்டிக் காலை வைத்ததும் பாறை சுட்டது. கால் மாற்றிக் கால் மாற்றித் தத்தினான்.

"என் நிழல்ல நட" என்றாள் அவள், திரும்பாமலே.

அவளுடைய நிழலுக்குள் நுழைந்து நடந்தான். குறுகலான நிழல்தான், ஒட்டி நடந்தால் போதும். அவள் வால் அவன் முகத்தில் ஈயை ஓட்டியது. மேட்டின் சரிவு வரைக்கும் போய்விட்டார்கள். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை, மலை, மலைக்கப்பால் யாரும் பார்த்திராத ஓடை.

அப்போது பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. வைரவன் திரும்பிப் பார்த்தான். தேனப்பரின் புதிய பேனரைக் குரங்குகள் தூக்கிக்கொண்டு வந்தன. இதுவரை வந்ததிலேயே பெரியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார் தலைவர். அந்தக் கைகளின் அடியில் ஒரு நாய்க் குடும்பமே படுக்கலாம். அவன் படுத்திருந்த இடத்தில், யாரோ ஒரு கிழக் குரங்கு ஏற்கெனவே துண்டை விரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இதோ வந்துடறேன். அவனைத் துரத்திட்டு வந்துடறேன்" என்றான்.

"சரிடா" என்றாள் மாராயி.

அவன் பாதம் பொசுங்கப் பொசுங்க மேட்டுக்கு ஓடினான். கிழக் குரங்கைத் துரத்தினான். நிழலில் நாலு காலையும் ஊன்றி நின்றான். ஈரம் பாதத்தில் ஏறியது. சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது சரிவில் யாருமில்லை. ஒற்றையடிப் பாதையில் தூரத்தில் கறுப்பாய் ஏதோ அசைந்தது. அவளா பாறையா என்று தெரியவில்லை.

அவள் ஓடையைக் கண்டாளா என்று காட்டில் யாருக்கும் தெரியாது. கிளி அந்தப் பக்கம் பறப்பதில்லை.

அன்று வைரவன் வழக்கத்தைவிட உரக்கக் குரைத்தான். கிழக்கேயும் பார்க்காமல், மேற்கேயும் பார்க்காமல், மலையைப் பார்த்தே தொண்டை வறளக் குரைத்தான். யாரை வாழ்த்துகிறான் என்று குரங்குகளுக்குக் கொஞ்சம் குழப்பமாய்த்தான் இருந்தது. கடைசியில் இரண்டு கட்சிகளும் தங்களைத்தான் என்று எடுத்துக்கொண்டு, வற்றிய குட்டையின் அடியைத் தோண்டியாவது ஆளுக்கு இருபது குடம் கூடுதலாய் ஊற்றின.

நீதி: மரத்தை வெட்டினால் அழாதே, வெட்டியவன் முகம் எவ்வளவு அகலம் என்று பார்.